தாமதத்துக்கான காரணம்

மருதோடைக்கு அப்பால், காட்டின் இரண்டாம் துண்டில்
என் பாதைக்குக் குறுக்கே ஒரு பங்கர் வந்தது.
வீரைக் குற்றிகள் அடுக்கிய கூரை,
அதன்மேல் பதினாறு வருசத்து மண்,
மண்ணைப் பிடித்து ஆளுயரம் நின்றது ஒரு கூழா.
வாசலில் முழந்தாளிட்டு
முகக்கவசத்தின் வேர்வையைத் துடைத்து எட்டிப் பார்த்தேன்.
கூரையில் காதுகள்.

காதுகள்தான் முதலில் தெரிந்தன,
நெற்றி நடுவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு,
முகத்துக்கு அளவில்லாத காதுகள்.
பிறகு மூக்கின்மேல் நிமிர்ந்த சதை இலை.
பிறகு சாம்பல் மயிர்.
பிறகு, ஒன்றின் வயிற்றோடு ஒட்டி
மயிர் முளைக்காத ஒரு குட்டி.
ஏழு பேர். குட்டியோடு எட்டு.

குளக்கட்டு மருதில் தொங்கிப்
பகல் முழுக்கச் சண்டை பிடிக்கும் பழந்தின்னிகளை
எனக்குத் தெரியும்.
இவை அந்தச் சாதியில்லை.
இவை என்ன தின்னும் என்று நிலமே சொன்னது:
தவளைக் கால்கள், துடித்து ஓய்ந்த பல்லி வால்,
விட்டில் செட்டை,
சுண்டெலி ஒன்றின் கீழ்த்தாடை.
தூரிகையால் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுக்
கருவியை நீட்டினேன்.
கத்தியது.

இந்தக் காட்டில் ஆணிக்கும் கத்தும், மீன் ரின்னுக்கும் கத்தும்,
போன கிழமை ஒரு சைக்கிள் மணிமூடிக்குக் கத்தியது.
சுரண்டினேன். ஒரு விரற்கடை மண்ணுக்கு முக்கால் மணித்தியாலம்.
இரண்டாம் நாள் மத்தியானம்
சவர்க்காரப் பெட்டி அளவில் பலகை.
உக்கியும் உக்காமலும்.

"தொடாதை," என்றா றதிமலர் அக்கா.
"இருந்த இடத்திலயே வெடிக்க வைக்க வேணும்.
நாலரைக்கு."

நாலரைக்கு அவை நித்திரை.

"புகை போட்டுக் கலைப்பம்," என்றான் ஜெயரூபன்.
பட்டப்பகலில் கலைத்தால்
மேலே காகம், பாலைக் கொப்பில் வல்லூறு.
பதறிப் பறக்கிறதில் குட்டி விழும்.
சொல்ல நினைத்ததைச் சொல்லாமல்
கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.
அக்கா என்னைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தா.

போன வருசம், ஒலுமடு முகாமில்
எங்கள் சமையல் கொட்டிலின் வளையில்
இரவில் ஒன்று வந்து தொங்கும்.
மற்ற வௌவால்கள் கத்திக் கத்தி
எதிரொலியில் வழி பிடிக்கும் என்பார்கள்.
இது, இரைக்கு, வாயை மூடிவிடும்.
சருகில் எலி ஒரு கால் வைக்கும் வரை
காதுகள் மட்டும் மெல்லத் திரும்பும்.
பிறகு காற்று ஒருக்கால் மடியும்.
வளைக்குக் கீழே, காலையில், வால் மட்டும் கிடக்கும்.
எனக்குக் கருவி கத்த வேணும்.
அதுக்கு அதுவும் வேண்டாம்.

நாலரை போனது. ஐந்தரை போனது.
வயர் இழுத்து, மணல்மூட்டை அடுக்கி,
தூரத்து மண் அணைக்குப் பின்னால் குந்தியிருந்தோம்.
ஜெயரூபன் கொட்டாவி விட்டான்.
இருட்டினால் வெடிக்க வைக்கக் கூடாது,
அது சட்டம்.
மேற்கே வானம் தேசிக்காய் நிறத்துக்கு வந்து
பிறகு அதுவும் போகத் தொடங்கியது.

ஒன்று.
நிலத்தோடு நிலமாக, முழங்கால் உயரத்தில்,
பற்றைகளுக்குள்ளால்.
இரண்டும் மூன்றும் சேர்ந்து.
நாலு. ஐந்து.
கனநேரம் ஒன்றுமில்லை.
ஆறு.

"இன்னும் எத்தினை?"
"ஒண்டு."
"குட்டிக்காரியோ?"
தலையாட்டினேன்.
அக்கா கையை உயர்த்தவில்லை.
உயர்த்தாமல் வைத்திருந்த அந்தக் கை
மடியில் நடுங்கியது எனக்குத் தெரியும்.

ஏழாவது வாசலில் ஒருக்கால் தாழ்ந்து,
பாரத்தோடு எழும்பி,
கூழாவைச் சுற்றி மேற்கே போனது.
பாரத்தோடுதான்.
அப்படித்தான் நான் கண்டேன்.

நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது.
கூழா சரிந்தது.

பதிவுப் புத்தகத்தில்
"தாமதத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில்
அக்கா எழுதினா: மழை.
வைகாசி. நெடுங்கேணி வெடித்துக் கிடந்தது.
கீழே கையெழுத்தும் வைத்தா.

மறுநாள் பாதையோரம், பொந்து விழுந்த பட்ட மரத்தடியில்
சிவப்புத் தடி ஊன்றக் குனிந்தேன்.
தடிக்குப் பக்கத்தில்
ஈரம் காயாத ஒரு தவளைக் கால்.
பொந்து என் உயரத்துக்கு மேலே.
ஏணி கொண்டுவரச் சொல்லவில்லை.